மாதவிடாய் நிற்கும் வயது: தெரிந்துகொள்வோம், சமாளிப்போம்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் இந்தத் தலைப்பைச் சொன்னதும், "டாக்டர் யாரையாவது கூப்பிடலாமே" என்றேன். "டாக்டர் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் பேசினால் கூச்சமில்லாமல் கேள்வி கேட்பார்கள்" என்றார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கட்டத்தை நானும் கடந்து வந்தேன். கடந்துகொண்டிருந்த பல பெண்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலையும் பார்த்திருக்கிறேன். நான் சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் நேராக மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

பின்வரிசையில் ஆண்கள் சிலர் எழுந்து போகலாமா என்று யோசிப்பது தெரிகிறது. தயவுசெய்து உட்காருங்கள். உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நின்றது என்பதற்கு ஒரு கணக்கு

நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசும்போது "நின்னுடுச்சு" என்று மட்டும் சொல்லுவோம். என்ன நின்றது, எப்போது நின்றது என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவத்தில் இதற்குத் தெளிவான கணக்கு உண்டு. கர்ப்பம், மருந்து, வேறு நோய் என்று காரணம் எதுவும் இல்லாமல், தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். 11வது மாதத்தில் ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. இந்தியப் பெண்களுக்குக் கொஞ்சம் முன்னதாக, 46, 47 வயதில். 45க்கு மேல் எப்போது நின்றாலும் பயப்பட ஒன்றுமில்லை. 40 வயதுக்கு முன்பே நின்றுபோனால் "நல்லதாப் போச்சு, தொல்லை விட்டது" என்று இருந்துவிடக் கூடாது. எலும்புக்கும் இதயத்துக்கும் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு பத்து வருடம் முன்னதாகவே போய்விடுகிறது. அவர்கள் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏன் நிற்கிறது? பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. அதன் பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். இருப்பு தீரத் தீர, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் குறைகிறது. அது ஒரே சீராகக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். கடைசி சில வருடங்களில் ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் சட்டென்று இறங்கும். நமக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்த ஏற்ற இறக்கத்தால் வருபவை. மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு நான்கு, ஐந்து வருடங்களுக்கு முன்பே இது தொடங்கிவிடலாம். ஒரு மாதம் 21 நாளில் வரும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும். 43 வயதில் தூக்கம் கெடுகிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது என்றால், "எனக்குத்தான் இன்னும் நிற்கவில்லையே" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இந்த இடைக்காலத்தில் கர்ப்பம் தரிக்கவும் வாய்ப்பு உண்டு. 50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடமும், 50க்குக் கீழ் என்றால் இரண்டு வருடமும் கருத்தடை முறையைத் தொடரச் சொல்வார்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிடாய் வராது, ஆனால் சினைப்பைகள் வேலை செய்துகொண்டிருக்கும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே நாளில் மெனோபாஸ் வந்த மாதிரி. அறிகுறிகளும் கடுமையாக இருக்கும். எதை எடுத்தார்கள் என்பதே தெரியாத பெண்கள் நிறைய பேர். வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துப் பாருங்கள். இனிமேல் யாராவது "குழந்தை பெற்று முடிச்சாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று செய்துகொண்டவர்கள் அவர்கள்.

என்னென்ன வரும்

எல்லோருக்கும் எல்லாம் வராது. சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் கடந்துபோகும்.

முதலில் உடம்பில் பரவும் அனல். மார்பிலிருந்தோ கழுத்திலிருந்தோ கிளம்பி முகத்துக்கு ஏறும். ஒன்று முதல் ஐந்து நிமிடம் வரை இருக்கும். வேர்த்துக் கொட்டி, அடங்கும்போது லேசாகக் குளிரும். கத்திரி வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். ஏசி அறையில் பக்கத்தில் இருப்பவர் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தால், அது இதுதான். மூளையில் உடம்பின் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகிறது. சின்ன மாற்றத்தைக்கூடப் பெரிய சூடு என்று எடுத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்க ஆரம்பிக்கிறது. இரண்டு வருடத்தில் அடங்கிவிடுபவர்கள் உண்டு. ஏழு வருடம், அதற்கு மேலும் இருப்பவர்களும் உண்டு.

இரவில் இதே அனல் வந்தால் தூக்கம் போச்சு. மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பால்காரர் வரும் வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். தூக்கம் இல்லாவிட்டால் மறுநாள் எரிச்சல், அழுகை, படபடப்பு எல்லாம் பின்னாலேயே வரும்.

அடுத்தது மறதி. சமையலறைக்குள் போவோம், எதற்கு வந்தோம் என்று நிற்போம். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. இதை இத்தோடு விட முடியாது, ஒன்று சொல்ல வேண்டும். 2000-2001ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. எங்கள் கிளையில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவருக்கு அப்போது 48 வயது. நாள் முடிவில் கணக்கை டேலி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஒரு வருடமாக எண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார். இரவெல்லாம் தூக்கமில்லை என்பார். "மூளை மழுங்கிப் போச்சுடி, நாளைக்கு ஏதாவது தப்பு நடந்து என் தலையில் விழுவதற்கு முன்னால் போய்விடுகிறேன்" என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் 12 வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது பழையபடி கணீரென்று பேசினார். "இப்ப எல்லாம் சரியாயிடுச்சு, வேலைதான் இல்லை" என்றார். இந்தக் காலத்து மறதி பெரும்பாலும் தூக்கமின்மையோடு சேர்ந்து வருவது, பலருக்குத் தானாகவே சரியாகிவிடுவது என்று அன்றைக்கு அவரிடம் சொல்ல யாரும் இல்லை. 45 வயதுக்கு மேல் வேலையை விடலாமா, பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசிக்கும் பெண்கள் இங்கே இருந்தால், முடிவு எடுப்பதற்கு முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

மூட்டுகளில் வலி, காலையில் விரல்கள் மடங்காத இறுக்கம், நெஞ்சு படபடப்பு, தோல் வறட்சி, முடி மெலிதல், இடுப்பைச் சுற்றிச் சதை போடுவது ஆகியவையும் வரலாம். கெட்ட கொழுப்பின் அளவும் இந்த வயதில் ஏறத் தொடங்கும்.

கடைசியாக, யாரும் வாய் திறக்காத ஒன்று. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இருமினால் தும்மினால் இரண்டு சொட்டு கசிவது. அனலும் மறதியும் நாளாக நாளாகக் குறையும். இது அப்படிக் குறையாது, கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். ஆனால் இதற்கு எளிய மருத்துவம் இருக்கிறது. இதனால் வெளியூர்ப் பயணத்தையே நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். எந்தக் கோயிலுக்குப் போனாலும் கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் தேடுவார்கள்.

எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டாதீர்கள்

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டுவைப்போம். போட்டதை மறந்துவிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். 45 வயது தாண்டிய பெண்ணுக்கு எது வந்தாலும் "எல்லாம் அந்த வயசு" என்று சொல்வதும் அப்படித்தான். சிலவற்றை உடனே விசாரிக்க வேண்டும்.

படபடப்பு, வேர்வை, எடை மாற்றம், சோர்வு எல்லாம் தைராய்டு கோளாறிலும் வரும். சோர்வும் மூச்சிரைப்பும் ரத்தசோகையில் வரும். இரவில் அடிக்கடி சிறுநீர் போவது சர்க்கரை நோயாக இருக்கலாம். ஆகவே டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், வலியோடு குளிர்ந்த வேர்வை என்றால் அதை மெனோபாஸ் என்றோ வாயு என்றோ வைத்துக்கொண்டு ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு கூடுகிறது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108க்கு அழைக்க யோசிக்க வேண்டாம்.

இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அடுத்து வருவதை வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதம் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், ஒரே ஒரு நாளாக இருந்தாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பையின் உட்சுவரில் தொடங்கும் புற்றுநோயாக இருக்கலாம். ஸ்கேனில் அந்தச் சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சின்னதாகச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு குணமாகிவிடும் நோய் இது.

எங்கள் பெரியம்மாவுக்கு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி பட்டது. "திரும்ப வயசு வந்துடுச்சு போல" என்று தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பேத்தி பெரியவளாகிற வயதில் தான் இதைச் சொன்னால் அசிங்கம் என்று நினைத்தார். எட்டு மாதம் கழித்து வயிற்று வலி தாங்காமல் சொன்னபோது நோய் பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் பார்த்தோம். ஒன்றரை வருடம்தான் இருந்தார். உங்கள் அம்மா, மாமியார், அத்தை யாராக இருந்தாலும், இந்த ஒரு கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் நிற்காதவர்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, "நிற்கப் போகிறது, அப்படித்தான் கொட்டும்" என்று விடாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவரிடம் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் "எப்போது கடைசியாக வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் தேடியே போய்விடும். "தீபாவளிக்கு முன்னாடி, இல்லை, நவராத்திரி சமயம்..." என்று இழுப்போம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, ரத்தப்போக்கு, அனல் எத்தனை தடவை, எத்தனை மணி நேரம் தூங்கினோம், மனநிலை, வேறு குறிப்பு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு வரி எழுதினால் போதும். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள்.

எழுதினால் இரண்டு லாபம். மாலை ஐந்து மணிக் காபி குடித்த நாட்களில்தான் இரவு அனல் அதிகம் என்பது போன்ற விஷயம் உங்களுக்கே தெரிய வரும். இரண்டாவது, மருத்துவர் உங்களை "டென்ஷன் பார்ட்டி" என்று ஒதுக்க முடியாது. எழுதி வைத்த கணக்குக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பருத்திப் புடவை, பருத்தி நைட்டி. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், சின்ன மேசை விசிறி. காபி, அதிகக் காரம், கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவது ஆகியவை சிலருக்கு அனலைக் கிளப்பும். எது உங்களைப் படுத்துகிறது என்று நோட்டுப் புத்தகம் சொல்லும், அதை மட்டும் குறைத்தால் போதும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். உடல் எடை அதிகம் இருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தாலே அனலும் குறைகிறது.

எலும்பைப் பற்றிச் சொல்கிறேன். மாதவிடாய் நின்ற ஐந்து முதல் ஏழு வருடங்களில் சிலருக்கு எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரை குறைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றும்போது மணிக்கட்டு முறியும். அப்போதுதான் தெரியும். டெக்ஸா ஸ்கேன் என்ற பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புச் சிதைவு என்று அர்த்தம். 65 வயது ஆனவர்களும், சீக்கிரமே நின்றுபோனவர்களும், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களும், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும் இதைச் செய்துகொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350. 200 மில்லி பசும்பாலில் சுமார் 240. 50 கிராம் மாவில் இரண்டு கேழ்வரகு அடை, பாலும் மோருமாக இரண்டு டம்ளர் என்றால் 650 வந்துவிட்டது. மீதிக்கு முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. இதற்கு மேலும் குறைந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனியுங்கள். அதை வெறும் வயிற்றில் போட்டு நான்கு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம் மாத்திரை போட வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தோடு சேர்த்துப் போடாதீர்கள்.

இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் நம்மில் பலருக்கு வைட்டமின் டி குறைவு. வீடு, கார், அலுவலகம் என்று நிழலிலேயே இருக்கிறோம். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்ட காலத்தில் வடாத்தோடு நாமும் கொஞ்சம் காய்ந்தோம்.

நடை நல்லதுதான். நம் வளாகத்தைச் சுற்றி வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஆனால் நடை மட்டும் போதாது. தசைக்கு வேலை வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் பிடித்து ஏற்றி இறக்கலாம். கைப்பிடி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம். சிறுநீர்க் கசிவுக்கு, சிறுநீரை அடக்கும்போது இறுக்கும் தசையை ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, தினம் மூன்று வேளை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் பலன் தெரியும்.

ஹார்மோன் மருந்தைக் கண்டு பயம் வேண்டுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 16,000 பெண்களுக்கு மேல் கலந்துகொண்ட பெரிய ஆய்வு ஒன்று 2002ல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு வருடத்துக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவி, பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அவ்வளவாகப் பரவவில்லை. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால், கடுமையான அறிகுறி உள்ள ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்பது இப்போது பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்கள் ஆகியோருக்கு இது பொதுவாக ஆகாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது. கூடவே புரோஜெஸ்ட்ரோனும் வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு வேறு மருந்துகளும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் அனலையும் குறைக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபப்பட வேண்டாம். பிறப்புறுப்பு வறட்சிக்குத் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு மிகக் குறைந்த அளவுதான், உடம்புக்குள் அதிகம் போவதில்லை. மூலிகை என்று விற்கும் எல்லாமே சாது என்று நினைத்துவிடாதீர்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத பொடியை வாட்ஸ்அப் பார்த்து வாங்காதீர்கள்.

நின்றுவிட்டதால் மற்ற பரிசோதனைகளையும் நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை 65 வயது வரை தேவை. மார்பகப் பரிசோதனையும் வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசமாகவே நடக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஆண்களே, உங்கள் முறை. இரவில் மின்விசிறியை அவர் ஐந்தில் வைப்பார், நீங்கள் இரண்டில் வைப்பீர்கள். போர்வையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், விசிறியை அவரிடம் விடுங்கள். அவர் காரணமில்லாமல் கோபித்தால், காரணம் கேட்டு விவாதம் நடத்தாமல், நேற்று தூங்கினாரா என்று கேளுங்கள். விலகிப் படுத்தால் விருப்பமில்லை என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள், வலியாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்காமல், அவர் விரும்பினால் உள்ளேயும் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்பது போலப் பேசுகிறார் என்றால் அது வெறும் எரிச்சல் கிடையாது. உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னொரு விஷயம், இது நம் சங்கத்துக்கு. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் பலர் 45, 50 வயதுக்காரர்கள். நமக்கு வரும் அனல் அவர்களுக்கும் வருகிறது, அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலும். திடீரென்று ரத்தப்போக்கு அதிகமானால் அவர்கள் எங்கே போவார்கள்? தரைத்தளத்தில் உள்ள கழிப்பறை பூட்டியே இருக்கிறது, சாவி காவலாளியிடம். ஒரு ஆணிடம் போய்ச் சாவி கேட்க வெட்கப்பட்டு, காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வராமல் என்ன செய்யும்? அந்தக் கழிப்பறையைத் திறந்தே வைத்து, தண்ணீரும் ஒரு மூடி போட்ட குப்பைத் தொட்டியும் வைக்க வேண்டும். படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சும் மின்விசிறியும் போட வேண்டும். செலவு என்ன ஆகும் என்று பொருளாளரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒரு வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய்கூட வராது. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொடுக்கிறேன். கை தூக்குங்கள்.

வீட்டுக்குப் போனதும் நோட்டை வாங்கி முதல் வரியை இன்றைக்கே எழுதிவிடுங்கள். வயதான பெண்கள் வீட்டில் இருந்தால், நான் சொன்ன அந்த ஒரு கேள்வியை இந்த வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருக்கும் சந்தேகங்களை, மாலை நடையின்போது என்னிடம் கேட்கலாம். பதில் தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் இருவருமாக மருத்துவரிடம் போய்க் கேட்போம்.